ஒருவருக்கே இரு கண், இரு அறுவை: கண் அழுத்த நோயில் நுண்கீறல் சிகிச்சை எங்கே பொருந்தியது

நோயாளியின் சம்மதத்தோடு எழுதப்படுகிறது. அவரையும் ஊரையும் அடையாளம் காட்டும் விவரங்கள் விடப்பட்டுள்ளன.

பின்னணி

62 வயதுப் பெண். தென் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் வீட்டுத் திண்ணையிலேயே தையல் மெஷின் போட்டுப் பிழைப்பவர். கணவர் இறந்துவிட்டார். மகள் அதே தெருவில் இருக்கிறார், மகன் பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கிறார். பல வருடங்களாக வீசிங் தொந்தரவு உண்டு. இன்ஹேலர் இல்லாமல் முடியாது. சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை எடுக்கிறார்.

அவர் கண் அழுத்த நோய்க்காக வரவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று, புரை எடுத்துக்கொள்ளும் எண்ணத்தில், ஊருக்கு வந்த இலவசக் கண் முகாமுக்குப் போயிருக்கிறார். அங்கே அழுத்தம் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் அதிகமாக இருந்ததால் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

இதில் வியப்பு ஒன்றுமில்லை. தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003-ல் வெளியான ஆய்வில், 40 வயதைத் தாண்டியவர்களில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பைச் சிதைக்கும் இந்தக் கண் அழுத்த நோய், இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். நடுப்பார்வை கடைசி வரை இருப்பதால் ஆள் கவனிப்பதில்லை. கண்புரை வந்து மங்கல் தட்டும்போதுதான் கண் டாக்டரிடம் வருவார்கள். கிளாக்கோமா அப்போது தற்செயலாகப் பிடிபடும்.

முதல் பரிசோதனையில் கண்டது

பார்வை வலது கண்ணில் 6/24, இடது கண்ணில் 6/18 (6/6 என்பது முழுப் பார்வை). கோல்ட்மான் கருவியில் அழுத்தம் வலது 28, இடது 24 மி.மீ. பாதரசம். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும். கருவிழியின் தடிமன் இரண்டு கண்ணிலும் 515 மைக்ரான் அளவில், சராசரியைவிடச் சற்று மெல்லியது. மெல்லிய கருவிழியில் கருவி காட்டும் அழுத்தம் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆகவே 28 என்பதை 28 என்று நம்பிச் சும்மா இருக்கக் கூடாது.

பார்வை நரம்பின் தலைப்பகுதியில் இருக்கும் குழி வலது கண்ணில் அந்தத் தலைப்பகுதியின் 0.9 பங்கு வரை அகன்றிருந்தது. கீழ்விளிம்பு கிட்டத்தட்ட இல்லை. இடது கண்ணில் 0.7, கீழே ஒரு சிறிய பள்ளம். ஹம்ஃப்ரி பார்வைப்புலச் சோதனையில் வலது கண்ணின் சராசரி இழப்பு மைனஸ் 17 டெசிபெல். மேல்பாதி ஏறக்குறைய முழுதும் கருத்து, அந்தக் கறுப்பு நடுப்புள்ளியைத் தொடும் தூரத்துக்கு வந்திருந்தது. இடது கண்ணில் மைனஸ் 5.4. பொதுவாகப் பயன்படும் வகைப்பாட்டில் மைனஸ் 6 வரை ஆரம்ப நிலை, மைனஸ் 12-ஐத் தாண்டினால் முற்றிய நிலை. அதாவது ஒரே ஆளிடம் நோயின் இரண்டு முனைகளும் இருந்தன.

கண்ணுக்குள் நீர் வடியும் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோபி சோதனையில் இரண்டு கண்களிலும் கோணம் முழுச் சுற்றும் திறந்திருந்தது. இதை ஒரு வரியில் எழுதிவிட்டாலும், பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவும் இதன் மேல்தான் நின்றது. நம் பகுதியில் மூடிய கோணக் கிளாக்கோமாவும் கணிசமாக உண்டு. கோணத்தைப் பார்க்காமல் 'திறந்த கோணம்' என்று சீட்டில் எழுதும் பழக்கமும், சொல்லப்போனால், குறைவில்லை.

இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருந்தது. ஸ்டீராய்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும் என்பதால் நுரையீரல் மருத்துவரிடம் கேட்டோம். குறைந்த அளவுதான், ஆனால் நிறுத்த முடியாது என்றார். நரம்பின் சேதம் பல வருடக் கதை என்பதால், இன்ஹேலர் மட்டுமே காரணம் என்று நாங்களும் நினைக்கவில்லை.

சொட்டு மருந்தோடு கழிந்த காலம்

இரவில் ஒரு சொட்டு லாட்டனோபிராஸ்ட் என்று தொடங்கினோம். ஆறு வாரத்தில் வலது 21, இடது 18. வலது கண்ணுக்கு இது போதாது. அந்த அளவு சேதமான நரம்புக்கு 12 அல்லது அதற்குக் கீழே வேண்டும் என்பது எங்கள் இலக்கு. இடது கண்ணுக்கு 16-க்குள் இருந்தால் போதும் என்று வைத்திருந்தோம்.

அடுத்து வழக்கமாகச் சேர்க்கும் டிமோலாலை ஆஸ்துமா உள்ளவருக்குத் தர முடியாது. மூச்சுக்குழல் இறுகிப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். பிரிமோனிடின் கொடுத்தோம். மூன்றாம் மாதம் கண் சிவந்து, அரித்து, இமை தடித்து வந்தார். அந்த மருந்துக்கு ஏற்படும் ஒவ்வாமை; நிறுத்தினோம். பிறகு டார்சோலமைட். எரிகிறது, வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஆனாலும் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

அழுத்தம் ஒரு தடவை 17, அடுத்த தடவை 20 என்று ஏறி இறங்கியது. ஒழுங்காகச் சொட்டு போடுகிறீர்களா என்று கேட்டால் எல்லா நோயாளிகளும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்பதில் பயனில்லை. எங்கள் ஆலோசகர் வேறு மாதிரி கேட்டார்: "இந்தப் பாட்டில் எப்போ வாங்கினதும்மா?" ஒரு மாதத்தில் தீர வேண்டிய பாட்டில் இரண்டு மாதம் வந்திருந்தது. மகள்தான் உண்மையைச் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறாராம். தீபாவளி, பொங்கல் சமயத்தில் தையல் வேலை குவிந்தால் அதுவும் இல்லையாம். மகன் அனுப்பும் பணத்தை மருந்துக்குக் கரைக்க மனசில்லை என்பது ஒன்று. சொட்டு போட்டதும் கொஞ்ச நேரம் எரிச்சலில் கண் கலங்கி, தையல் கோணுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவது காரணம் எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இதற்கிடையே புரை முற்றிக்கொண்டே போனது. அறுவை தவிர்க்க முடியாது என்பது தெளிவானபோது, கேள்வி வேறாக மாறியது: புரைக்காக எப்படியும் கண்ணுக்குள் போகிறோம், அழுத்தத்துக்கும் அப்போதே ஏதாவது செய்வதா, செய்வதென்றால் எது?

மகன் கேட்டது

மகன் நேரில் வந்தார். நிறையப் படித்துவிட்டு வந்திருந்தார், அது நல்லதுதான். தலைமுடி நுனி அளவுக்கு ஒரு ஸ்டென்ட் இருக்கிறதாம், தையல் இல்லையாம், மறுநாளே வேலைக்குப் போகலாமாம். "ரெண்டு கண்ணுக்கும் அதையே வெச்சிடுங்க டாக்டர், செலவைப் பத்தி யோசிக்காதீங்க" என்றார். அம்மாவுக்குப் பெரிய ஆபரேஷன் எதுவும் வேண்டாம் என்பதே அவருடைய கவலை.

அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன். இந்த நிகழ்வின் மையம் அதுதான்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. கருவிழியும் கதிராளியும் சேரும் கோணத்தில் ஒரு சல்லடைத் திசு இருக்கிறது. நீர் அதன் வழியே ஷ்லெம் கால்வாய்க்குள் இறங்கி, அங்கிருந்து நுண்குழல்கள் வழியாகக் கண் வெள்ளையின் மேலுள்ள நரம்புகளில், அதாவது சிரைகளில், கலக்கிறது. திறந்த கோணக் கிளாக்கோமாவில் அடைப்பு பெரும்பாலும் அந்தச் சல்லடையில்தான்.

1968-ல் இங்கிலாந்தின் கெய்ர்ன்ஸ் விவரித்த டிராபெகுலெக்டமி அறுவை இந்தப் பாதையையே விட்டுவிட்டு, வெண்படலத்தில் புது வழி திறக்கிறது. நீர் இமைக்கு அடியில் ஒரு சிறு மேடாகச் சேர்ந்து உறிஞ்சப்படும். 'மிக்ஸ்' (MIGS) என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் நுண்கீறல் அறுவைகள் அப்படியல்ல. அந்தப் பெயரைப் பரப்பியவர் டொராண்டோவின் ஐக் அகமது. அவற்றில் பல, பழைய வழியையே பழுது பார்க்கின்றன: சல்லடையில் ஸ்டென்ட் வைத்துத் துளை போடுகின்றன, அல்லது சல்லடையையே கீறி விடுகின்றன. கண்ணின் மேற்படலத்தைத் தொடுவதில்லை. காயம் சிறியது, அபாயம் குறைவு, ஆள் சீக்கிரம் எழுந்துவிடுவார்.

ஆனால் ஏரியை வாய்க்கால் வழியே வடித்தால், வாய்க்காலின் நீர்மட்டத்துக்குக் கீழே ஏரி இறங்காது. இங்கே வாய்க்கால் என்பது அந்தச் சிரைகள். அவற்றிலேயே அழுத்தம் ஏறக்குறைய 8 முதல் 10 மி.மீ. இருக்கிறது. சல்லடையை முழுதாகத் திறந்தாலும் கால்வாய்ச் சுவர், நுண்குழல்களின் தடை எல்லாம் சேர்ந்து, நடைமுறையில் அழுத்தம் 14, 15 என்ற அளவில் நின்றுவிடும். இடது கண்ணுக்கு அது போதும். வலது கண்ணுக்குப் போதாது.

இன்னொன்றும் சொன்னோம். இந்தச் சல்லடை ஸ்டென்ட்கள், உதாரணமாக அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்ற ஐஸ்டென்ட், ஆரம்ப மற்றும் நடுத்தர நிலை நோய்க்கு, புரை அறுவையோடு சேர்த்து வைப்பதற்குத்தான் அனுமதிக்கப்பட்டது. முற்றிய கண்ணுக்கு அல்ல. புதியது என்பதாலேயே ஒன்றை நம்பிவிட முடியாது என்பதற்கு சைபாஸ் கதையையும் சொன்னோம். வேறொரு பாதையில் வைக்கப்படும் அந்தக் குழாய்க்கு 2016-ல் அனுமதி கிடைத்தது. ஐந்தாண்டுத் தொடர் ஆய்வில் கருவிழியின் உட்புறச் செல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் அழிவது தெரிந்ததும், 2018-ல் தயாரித்த நிறுவனமே உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. அதில் அழுத்தம் நன்றாகவே குறைந்தது. சிக்கல் வெளியே தெரியச் சில வருடம் பிடித்தது.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மாதான் கேட்டார்: "ஒரு கண்ணுக்குப் பெரிய ஆபரேசன், இன்னொண்ணுக்குச் சின்ன ஆபரேசனா டாக்டர்? அப்படிக்கூடப் பண்ணுவாங்களா?" பண்ணுவோம் என்றோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வலது கண்: புரை அறுவையோடு மைட்டோமைசின் சேர்த்த டிராபெகுலெக்டமி. தழும்பு கட்டி வழி அடைபடாமல் இருக்க மைட்டோமைசின். இந்த அறுவையின் அபாயங்களை மறைக்கவில்லை: அழுத்தம் மிகையாகக் குறையலாம், மேட்டில் எந்தக் காலத்திலும் கிருமி தொற்றலாம். நடுப்புள்ளியை நெருங்கிவிட்ட பார்வை அறுவையின்போதே சட்டென்று போய்விடும் வாய்ப்பும் மிக அரிதாக உண்டு. ஆனால் 20-ல் விட்டு வைத்தால் பார்வை போவது நிச்சயம், எப்போது என்பதுதான் கேள்வி.

இடது கண்: புரை அறுவையோடு சல்லடைக் கீறல், அதாவது கோனியோட்டமி. இதற்கான காரணம் ஒன்றல்ல. அவர் பிழைப்பு இந்தக் கண்ணை நம்பியிருக்கிறது. நல்ல கண்ணில் வாழ்நாள் முழுக்கத் தொற்று பயம் தரும் மேட்டை உண்டாக்க எங்களுக்கு விருப்பமில்லை. இலக்கு 16, அது கீறலால் எட்டக்கூடியது. நாளைக்குத் தேவைப்பட்டால் டிராபெகுலெக்டமி செய்ய வெண்படலம் தொடப்படாமல் இருக்கும்.

ஸ்டென்ட்டா, கீறலா என்பதில் எங்களுக்குள்ளேயே பேச்சு நடந்தது. ஸ்டென்ட்களுக்குப் பெரிய அளவிலான ஒப்பீட்டு ஆய்வுகள் உள்ளன. நாங்கள் செய்ய நினைத்தது நுனி வளைத்த சாதாரண ஊசியால் கீறும் முறை. இதற்குக் கிடைப்பவை பெரும்பாலும் சிறு தொகுப்புகளின் பின்னோக்கிய ஆய்வுகள்தான். அதை மகனிடம் அப்படியே சொன்னோம். மறுபக்கம், ஊசிக்குச் சில ரூபாய்தான் ஆகும். கண்ணுக்குள் அந்நியப் பொருள் எதுவும் தங்காது. ஸ்டென்ட் இடம் மாறுமா, அடைபடுமா என்ற கவலை இல்லை. கஹூக் இரட்டைக் கத்தி போன்ற தனிக் கருவியும் உண்டு, அது செலவில் இடைப்பட்டது. நூலைக் கால்வாய்க்குள் சுற்றிவிட்டு 360 டிகிரியும் திறக்கும் 'காட்' முறையையும் யோசித்தோம். 2014-ல் விவரிக்கப்பட்ட நல்ல முறை, அழுத்தமும் இன்னும் கொஞ்சம் குறையலாம். ஆனால் ரத்தக் கசிவு அதிகம். இலக்கு 16-ஆக இருக்கும்போது அவ்வளவு தேவையில்லை என்று விட்டோம்.

லேசர் சிகிச்சையையும் பேசினோம். 2019-ல் வெளிவந்த 'லைட்' என்ற இங்கிலாந்து ஆய்வு, ஆரம்ப நிலையில் சொட்டு மருந்துக்குப் பதிலாக, சல்லடைத் திசுவில் செய்யும் எஸ்.எல்.டி. லேசரையே முதலில் செய்யலாம் என்று காட்டியது. ஆனால் இவருக்குப் புரை அறுவை எப்படியும் தேவைப்பட்டதால், ஒரே தடவையில் முடிக்கும் வழியை எடுத்தோம்.

எந்தக் கண் முதலில்? மோசமான வலது கண்தான் முதலில். காத்திருக்க அதற்குத்தான் நேரம் இல்லை.

வலது கண்: சுருக்கமாக

அறுவை சிக்கலின்றி நடந்தது. மூன்றாம் நாள் அழுத்தம் 5-க்கு இறங்கி, கருவிழிக்குப் பின்னால் இருக்கும் முன்னறை கொஞ்சம் ஆழம் குறைந்தது. வாரக் கடைசியில் தானே சரியானது. மூன்றாம் வாரம் 16-க்கு ஏறியபோது லேசரால் ஒரு தையலைத் தளர்த்தினோம், 10-க்கு வந்தது. தையலின் இழுப்பால் கருவிழி கொஞ்சம் கோணி, கண்ணாடி பவர் நிலைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பலமுறை வர வேண்டியிருந்தது. ஒவ்வொரு வருகைக்கும் மகள் ஒரு நாள் கூலியை விட்டு வந்தார். டிராபெகுலெக்டமியின் விலையைப் பேசும்போது இந்தப் பஸ் பயணங்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இடது கண்: அறுவை

வலது கண் நிலைத்த பிறகு இடது கண்ணை எடுத்தோம். முதலில் வழக்கமான ஃபேகோ முறையில் புரையை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. அப்புறம் நோயாளியின் தலையை அறுவை செய்பவருக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மைக்ரோஸ்கோப்பையும் சாய்த்து, கருவிழி மேல் கோனியோ லென்ஸ் வைத்தோம். நேராகப் பார்த்தால் கோணம் தெரியாது. இந்தச் சாய்வு இல்லாமல் இந்த அறுவையே இல்லை. காது கேட்காத, கழுத்தைத் திருப்ப முடியாத நோயாளிகளுக்கு இது சிரமம் என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இவர் சொன்னபடி தலையைத் திருப்பிக் காட்டினார்.

நெற்றிப்பொட்டுப் பக்கக் கீறல் வழியே நுனி வளைத்த ஊசியை உள்ளே விட்டு, மூக்குப் பக்கத்துச் சல்லடையை ஏறக்குறைய 100 டிகிரிக்குக் கீறினோம். கீறிய இடத்தில் கால்வாயின் வெண்மையான பின்சுவர் தெரிந்தது. அழுத்தத்தைத் தளர்த்தியதும் அங்கிருந்து மெல்ல ரத்தம் கசிந்தது. புதிதாகப் பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். உண்மையில் அது நல்ல அறிகுறி: சிரைகளோடு தொடர்பு திறந்திருக்கிறது, ஊசி சரியான இடத்தில்தான் போயிருக்கிறது என்று பொருள். கூடுதல் நேரம் சில நிமிடங்கள்தான்.

மறுநாள்

மறுநாள் காலை கட்டுப் பிரித்தபோது அவருக்குக் கை அசைவதும் விரல்களும் மட்டுமே தெரிந்தன. முன்னறையின் அடியில் ஒரு மி.மீ. உயரத்துக்கு ரத்தம் தங்கியிருந்தது. மேலேயும் சிவப்பணுக்கள் மிதந்தன. பக்கத்துக் கட்டிலில் வெறும் புரை அறுவை செய்துகொண்ட பெண் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். 'சின்ன ஆபரேசன்' என்று சொல்லி அழைத்து வந்த கண் இது. பெரிய ஆபரேஷன் ஆன கண்ணில்கூட மறுநாள் இவ்வளவு மங்கல் இல்லை. அம்மா அழுதார். மகனிடமிருந்து போன் வந்தது, குரலில் கோபம் இருந்தது.

ரத்தம் வரலாம் என்பது சம்மதப் படிவத்தில் இருந்தது, வாயாலும் சொல்லப்பட்டது. ஆனால் 'கொஞ்சம் ரத்தம் வரலாம்' என்று கேட்பதும், கண் திறந்தால் செம்மங்கலாகத் தெரிவதும் ஒன்றல்ல. தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொன்னோம். குனிந்து வேலை வேண்டாம், தையல் மெஷின் பக்கமே போக வேண்டாம். நான்காம் நாள் பார்வை 6/18. ஒரு வாரத்தில் ரத்தம் முழுதும் கரைந்துவிட்டது.

அதே ஒரு வார வருகையில் அழுத்தம் 30. ரத்த அணுக்கள், அறுவையின்போது விட்ட ஜெல்லின் மிச்சம், ஸ்டீராய்டு சொட்டு ஆகிய மூன்றுமே காரணமாக இருக்கலாம். அசட்டசோலமைட் மாத்திரையைச் சில நாள் கொடுத்து, டார்சோலமைட்டை மீண்டும் சேர்த்து, ஸ்டீராய்டு சொட்டை வழக்கத்தைவிட வேகமாகக் குறைத்தோம். சல்லடைக் கீறலுக்குப் பிறகு இப்படித் திடீரென ஏறுவது அபூர்வமல்ல. அதிகம் சேதமாகாத நரம்பு அதைத் தாங்கும். மைனஸ் 17-ல் இருந்த வலது கண்ணில் இதையே செய்து 30-க்கு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மகனிடம் போனிலேயே கேட்டேன். ஸ்டென்ட் பேச்சு அதோடு நின்றது. மூன்றாம் வார முடிவில் 16.

தொடர்ந்து நடந்தது

ஒரு மாதத்தில் இடது கண் பார்வை கண்ணாடியில்லாமல் 6/6. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி கொடுத்தோம். அவர் மறுபடி மெஷினில் உட்கார்ந்தார். சொட்டு மருந்து எதுவும் இல்லாமல் அழுத்தம் 15. ஆறாம் மாதம் 16, ஒரு வருடத்தில் 17. ஒன்றரை வருடத்தில் 18-ஐத் தொட்டபோது லாட்டனோபிராஸ்டை இரவில் ஒரு சொட்டு என்று மீண்டும் தொடங்கினோம், 14-க்கு இறங்கியது. இரண்டு வருட முடிவில் அங்கேயே நிற்கிறது. கீறிய விளிம்புகள் ஓரளவு மூடிக்கொள்வது எதிர்பார்த்ததுதான்.

சொட்டே வேண்டாம் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்றாலும், மறுபடி சொட்டு என்றதும் அவருக்கு ஏமாற்றம் இருந்தது. இரண்டு மருந்து, பகலில் எரிச்சல் என்பது போய், படுக்கும்முன் ஒன்று என்றாகியிருப்பதை மகள் எடுத்துச் சொன்னார். இப்போது பாட்டில் ஒரு மாதத்தில் தீர்கிறது.

வலது கண்ணில் மருந்தில்லாமல் 9 முதல் 11. கண்ணாடியோடு பார்வை 6/12. பார்வைப்புலம் இரண்டு கண்ணிலும் இந்த இரண்டு வருடத்தில் மோசமாகவில்லை: வலது மைனஸ் 16.8, இடது மைனஸ் 4.7. புரை போனதால் வந்த சிறு முன்னேற்றம் அது. நரம்பு மீண்டு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதை மாற்றுகிறோம்

பாட்டில் கேள்வி இப்போது எல்லா கிளாக்கோமா நோயாளிகளிடமும், முதல் மறுவருகையிலேயே கேட்கப்படுகிறது. பாட்டிலையும் கொண்டுவரச் சொல்கிறோம். மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி அடுத்த மருந்தைச் சேர்ப்பதற்கு முன், முதல் மருந்து கண்ணுக்குள் போனதா என்று தெரிய வேண்டும். எந்த நேரத்தில் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதும் கேள்விகளில் சேர்ந்திருக்கிறது.

சல்லடைக் கீறல் செய்யப்போகும் நோயாளிக்கும் கூட வருபவருக்கும், முதல் நாள் கண் எப்படி இருக்கும் என்பதற்குப் படம் காட்டுகிறோம். வெறும் புரை அறுவை செய்தவருக்கு அடுத்த கட்டிலில் இவர்களைப் போடுவதையும் முடிந்தவரை தவிர்க்கிறோம். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த ஒரு காலைப்பொழுது குடும்பத்தின் நம்பிக்கையை எவ்வளவு அசைத்தது என்று பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

'சின்ன ஆபரேஷன்' என்ற பேச்சை விட்டுவிட்டோம். எவ்வளவு அழுத்தம் குறைய வேண்டும், இந்த முறை எது வரை குறைக்கும் என்ற இரண்டு எண்களைத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம். நோயாளிக்கு எண் புரியாது என்று நினைப்பவர்கள் ரத்தச் சர்க்கரை பற்றி நம் ஊர்ப் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும்.

புரை முற்றாத, ஆரம்ப நிலைக் கண் என்றால் லேசரை முன்னுக்குக் கொண்டுவருகிறோம். சொட்டு மருந்தோடு போராடிய அந்த மாதங்கள் இடது கண்ணுக்கு ஒருவேளை தேவைப்பட்டிருக்காது.

சல்லடைக் கீறலுக்குப் பிந்தைய முதல் வாரத்தில் அழுத்தம் பார்க்கும் நாட்களைக் கூட்டியிருக்கிறோம். நோயாளி இதற்காக எங்களிடமே வர வேண்டியதில்லை. ஊருக்குப் பக்கத்துப் பார்வை மையத்தில் அளந்து எண்ணை அனுப்பினால் போதும்.

குடும்பத்தையும் அழைத்துப் பார்க்கிறோம். கிளாக்கோமா உள்ளவரின் கூடப் பிறந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். இவருடைய அக்காவுக்கு ஒரு கண் பார்வை பல வருடம் முன்பே போயிருந்தது. புரை முற்றிப் போய்விட்டது என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். பரிசோதித்தபோது நரம்பு முழுதும் வெளுத்திருந்தது, கிளாக்கோமா. மற்றக் கண்ணுக்கு மருந்து தொடங்கியிருக்கிறோம். 57 வயதுத் தம்பிக்கு அழுத்தம் 23, இரண்டு கண்ணிலும் ஆரம்ப மாற்றம், புரை இல்லை. அவருக்கு எஸ்.எல்.டி. லேசர் செய்து, மூன்று மாதத்தில் 17. அவர் கேட்டார், தனக்கும் அந்த ஊசி ஆபரேஷன் வேண்டாமா என்று. இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறோம்.